ஆள் வந்து சொல்லணும்

அஞ்சம்மாள் அக்கா செத்த சேதி எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே சிங்கப்பூரில் இருக்கிற அவள் ஓர்ப்படி மகனுக்குத் தெரிந்துவிட்டது. நான் குடியிருந்ததோ நாலு வீடு தள்ளி. விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு டெம்போவைத் துடைக்கத் துணியோடு வெளியே வந்தவன், பழக்க தோஷத்தில் செல்லை எடுத்துப் பார்த்தேன். குத்துவிளக்குப் படம், கண்ணீர் அஞ்சலி என்று எழுத்து, நடுவில் அக்காவின் முகம். கீழே எவன் எவனோ கும்பிடு பொம்மை போட்டிருந்தான், சிங்கப்பூர்க்காரன்தான் முதல். தலையைத் தூக்கிப் பார்த்தால் அவள் வீட்டு வாசலில் லைட் எரிகிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் செல்லைச் சாக்கடையில் எறிந்திருப்பேன். என் மகள் வாங்கிக் கொடுத்தது என்பதால் விட்டேன்.

நான் கன்னியப்பன். பூர்வீகம் சேதராப்பட்டுப் பக்கம், நெல்லும் சவுக்கும் போட்ட குடும்பம். டெம்போ ஓட்ட வந்து இருபத்திரண்டு வருஷமாகப் புதுச்சேரியில், மீன்பிடிக் கரையான வைத்திக்குப்பத்து மூலையில் வாடகைக்கு இருக்கிறேன். கரைக்காரர்களுக்கு நான் அசலூர்க்காரன்தான். அஞ்சம்மாள் அக்கா மட்டும் என்னை அப்படி வைத்ததில்லை. பதினெட்டு வருஷம் என் வண்டியில் காலையில் முதல் ஆளாக ஏறியவள். மீன் நிறைந்த அன்னக்கூடையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு ரெட்டியார்பாளையத்துத் தெருக்களுக்கு விற்கப் போவாள். காலேஜ் பெண்கள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினால் விடமாட்டாள்.

“ஏம்மா, மூக்க மூடிக்கினு வர்றியே, ஞாயித்துக்கெழம உங்கூட்ல என்னா, மல்லிப்பூ கொழம்பா?” என்பாள். வண்டியே சிரிக்கும். மூக்கைப் பொத்தியவளும் சிரிப்பாள்.

பிறகு அவள் மகன் ராஜவேல் செல்லில் மீன் குரூப் ஆரம்பித்தான். காலையில் வஞ்சிரத்தையும் சங்கராவையும் போட்டோ எடுத்துப் போடுவான். ரெட்டியார்பாளையத்து அம்மாக்கள் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு கிலோ, அரைக் கிலோ என்று எழுதுவார்கள். ஐஸ் பெட்டி கட்டிய டூவீலர் போய்க் கொடுத்துவிட்டு வரும். அக்காவுக்கு வேலை வீட்டு வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்வதோடு நின்றது. முட்டி தேய்ந்தவளுக்கு அது நல்லதுதான், இல்லையென்று சொல்ல நான் யார். ஆனால் ஊரே அப்படி ஆகிவிட்டது. கரண்டு பில் கட்டப் போகிறவர்கள், ஆஸ்பத்திரியில் டோக்கன் எடுக்கப் போகிறவர்கள், சும்மா தங்கச்சியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மத்தியானச் சோற்றுக்கு மேல் கிளம்புகிறவர்கள், எல்லாரும் கட்டைவிரலில் போய் வந்துவிடுகிறார்கள். என் வண்டியில் இப்போது ஏறுவது வழி தெரியாத டூரிஸ்டும் சார்ஜ் தீர்ந்த காலேஜ் பையனும்தான்.

அக்காவுக்கு ஒரே தம்பி, சுப்ரமணி. சின்னக் காலாப்பட்டில் மீன்பிடி. தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டதால் அவரை இடுப்பில் வைத்து வளர்த்தது அக்காதான். மாசம் ஒரு தடவை என் டெம்போவில் காலாப்பட்டுக்குப் போவாள். மீன்காரன் வீட்டுக்கு மீனா கொண்டுபோக முடியும்? டவுனில் வாங்கிய நீட்டு ரொட்டியும் சூடான பக்கோடாவும் பையில் இருக்கும். வண்டி முழுக்கப் பக்கோடா வாசனை அடிக்கும். “எடுத்துக்கோ கன்னியப்பா, ரெண்டு கொறைஞ்சா அவன் எண்ணிப் பாக்க மாட்டான்” என்பாள். கொரோனா வந்த வருஷத்தோடு அந்தப் பயணம் நின்றது. அதற்குப் பிறகு அஞ்சு வருஷமாக, தினம் சாயந்திரம் ஏழரைக்கு அக்காவும் தம்பியும் வீடியோ காலில்தான்.

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். மகள் தீபலட்சுமி அதற்குள் வந்திருந்தாள். ரெட்டியார்பாளையத்தில் கட்டிக்கொடுத்த பெண், முப்பத்தி நாலு வயது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் போன் எடுத்துப் பேசுகிற வேலை. வாசல் படியில் உட்கார்ந்து ஒருத்தர் மாற்றி ஒருத்தருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா காலைல தவறிட்டாங்க. தூக்கத்துலயே. இன்னிக்கு சாயந்திரம் நாலு மணிக்கு எடுக்கறோம். வந்துடுங்க.”

ஒரு எழுத்து கூடவில்லை, குறையவில்லை. குரல் நடுங்கவில்லை. மூச்சு விட்டு அடுத்த நம்பர். என்னடா இது, பெற்ற தாய் உள்ளே கிடக்கிறாள், இவள் டாக்டர் பத்து மணிக்கு வருவார் என்று சொல்கிற மாதிரிச் சொல்கிறாளே என்று எனக்கே கொஞ்சம் கசந்தது. அப்புறம் யோசித்தால், பாவம், அவளுக்குச் சொல்லத் தெரிந்த விதம் அதுதான்.

வானம் மூடிக் கிடந்தது. கார்த்திகை மாசம், புயல் சின்னம் என்று இரண்டு நாளாகப் படகு எதுவும் இறங்கவில்லை. கடல் செம்மண் கலந்து கத்தியது. பந்தல்காரன் துணியை இழுத்துக் கட்டினால் காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. யாரோ பேப்பர் கப்பில் டீ கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பத்து மணிக்கெல்லாம் வாசல் நிறைந்துவிட்டது. கடலூரிலிருந்து வந்தார்கள், மரக்காணத்திலிருந்து வந்தார்கள். பத்துப் பதினோரு கிலோமீட்டரில் இருக்கிற காலாப்பட்டுத் தம்பி மட்டும் வரவில்லை.

மணி இரண்டேகால் இருக்கும், எதிர்வீட்டு சுலோசனா வந்து தீபாவின் முன்னால் நின்றாள். அறுபதைத் தாண்டியவள், அக்காவோடு கூடை தூக்கியவள். கரையில் அவள் வாய்க்குப் பஞ்சாயத்தாரே பயப்படுவார்கள்.

“ஏண்டி, பொறந்த வூட்டுக் கோடி எங்க?”

“மாமாவுக்குச் சொல்லியாச்சு அத்த. குரூப்ல போட்டேன். பாத்துட்டாரு, ரெண்டு நீலக்கோடு விழுந்திருக்கு. அஞ்சு நாப்பதுக்கே பாத்துட்டாரு.”

“நீலக்கோடா கொண்டாந்து போத்தும் உங்கம்மாவ? ஆளு யாரு போனது சொல்ல?”

தீபா விழித்தாள்.

“கேக்கறேன்ல? பொறந்த வூட்டுக்குச் சாவு சொல்ல யாரு போனது?”

“போன் பண்ணேன் அத்த. எடுக்கல. அஞ்சாறு தடவ பண்ணேன்.”

“அடிப்பாவி!” சுலோசனா நெற்றியில் அடித்துக்கொண்டாள். “ஊருக்கு எப்பிடிச் சொன்னா என்னாடி, கொட்டு சத்தம் கேட்டு வருவான். பொறந்த வூட்டுக்கு ஆள் போவணும். ஆள் போயி எதிர நின்னு சொல்லணும். நீ ஐஸ்காரனுக்கு மெசேஜ் போடற மாதிரி போட்டுட்டு உக்காந்துக்கினு இருக்க!”

உள்ளேயிருந்து ராஜவேல் வந்தான். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. “அதான் தெரிஞ்சிடுச்சில்ல அவருக்கு? தெரிஞ்சும் வரலன்னா வுடுங்க. கெட்டதுக்கு அழைக்காமலே வரணும்னு சொல்லுவாங்க. நானே ஒரு பொடவ வாங்கிப் போத்திடறேன்.”

“நீ போத்தினா அது மவன் கோடி. தம்பி இருக்கும்போதே பொறந்த வூட்டுக் கோடி இல்லாம எடுத்தா, நாதியத்தவன்னு எடுத்த மாதிரிடா. அவள அப்பிடியா அனுப்பப் போற?”

நான் குடியானவன், எங்கள் ஊரிலும் இதே வழக்கம்தான். புருஷன் வீட்டில் நாற்பது வருஷம் உழைத்தாலும் கடைசியில் மேலே விழ வேண்டிய புடவை கூடப் பிறந்தவன் கையிலிருந்துதான் விழ வேண்டும். பஞ்சாயத்தார் ஒருவர் மெதுவாகச் சொன்னார், மழை வந்தால் சுடுகாட்டுப் பாதையில் தண்ணீர் நின்றுவிடும், நாலரைக்கு மேல் தாங்காது என்று.

“நான் போறேன்” என்றான் ராஜவேல்.

“கொள்ளி வைக்கிறவன் வாசப்படி தாண்டக் கூடாது” என்றார் பஞ்சாயத்தார்.

“அப்ப நான் போறேன்” என்று தீபா எழுந்தாள்.

பின்னாலிருந்து எவனோ, “பொம்பளப் புள்ள போயி சாவு சொல்றதா?” என்றான்.

“அப்ப நீ போ ராசா. நீதான் காலைலேர்ந்து ஸ்டேட்டஸ் போட்டுக் கிழிக்கிறியே” என்றாள் சுலோசனா. அவன் கூட்டத்தில் எங்கே போனான் என்று தெரியவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள். “கன்னியப்பா, வண்டிய எடு.”

தீபா பின் சீட்டில் தனியாக உட்கார்ந்தாள். எட்டுப் பேரைத் திணிக்கிற வண்டியில் ஒற்றை ஆள். முத்தியால்பேட்டை தாண்டியதும் என் பக்கம் குனிந்தாள். சின்னப் பிள்ளையிலிருந்து என்னை அவள் டெம்போ மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

“டெம்போ மாமா, மாமா வேணும்னேதான் வரலையா?”

“தெரியலம்மா.”

“நேத்துகூட பேசியிருப்பாங்களே ரெண்டு பேரும். தெனம் பேசுவாங்களே. சண்ட ஒண்ணும் இல்லையே?”

கோட்டக்குப்பம் வந்தது. புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்குகிற இடம். காலாப்பட்டு மறுபடி புதுச்சேரி, நடுவில் கொஞ்ச தூரம் தமிழ்நாடு. மற்ற நாளில் இந்த எல்லை யாருக்கும் ஞாபகம் இருக்காது. வண்டியை மெதுவாக்கினேன். சொல்லாமல் வைத்திருந்த ஒன்று தொண்டைக்கு வந்துவிட்டது.

“உங்க காலாப்பட்டு ஜெயம் அத்தை செத்தாங்களே, லாக்டவுன்ல. அன்னிக்கு உங்கம்மா என்னா பண்ணாங்கன்னு தெரியுமா உனக்கு?”

“வூட்ல இருந்து வீடியோவுல பாத்தாங்க. மாமா சொந்தக்காரங்க யாரோ புடிச்சிக் காட்டுனாங்கன்னு சொன்னாங்க. நான் அப்ப கைக்கொழந்தையோட இருந்தேன்.”

“வூட்ல இல்லம்மா. தோ, அந்த மருந்துக்கடை தெரியுதா? அங்க நின்னு பாத்தாங்க.”

அவள் எட்டிப் பார்த்தாள்.

அன்றைக்கு டெம்போ ஓடக் கூடாது. சந்து சந்தாக அக்காவை ஏற்றிக்கொண்டு வந்தேன். நம்ம ஊர் சிவப்புக் குல்லாப் போலீஸ்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். இந்தப் பக்கம் தமிழ்நாட்டுத் தடுப்பு. இ-பாஸ் எங்கே என்றார்கள். தம்பி பொண்டாட்டி செத்துட்டா சாமி என்று காலில் விழப் போனாள். அந்தப் போலீஸ்காரப் பையனும் என்ன செய்வான், எட்ட நில்லும்மா என்று கத்தினான். அதற்குள் போன் வந்துவிட்டது, தூக்கப் போகிறார்கள் என்று. மருந்துக்கடை ஷட்டரில் சாய்ந்துகொண்டு, வெயிலில் செல்லைக் கையால் மறைத்து மறைத்துப் பார்த்து அழுதாள். தூக்கிப் போகிறவர்கள் தெருமுனை திரும்பியதும் சிக்னல் போய்விட்டது.

“இத ஏன் யாரு கிட்டயும் சொல்லல?” என்றாள் தீபா.

“நான்கூடக் கேட்டேன். ‘வந்தேன், வழியில நிறுத்திட்டாங்கன்னா சாக்கு சொல்ற மாதிரி இருக்கும்டா, வழி தொறந்ததும் நேர்ல போயி அவன் கையப் புடிச்சிக்கினு சொல்லிக்கறேன்’னு சொன்னாங்க.”

“அப்புறம் ஏன் போவல?”

“வழி தொறக்க மாசக்கணக்காச்சு. அதுக்குள்ள தெனம் போன்ல பேசிப் பழகிட்டாங்க. தெனம் பேசறவன் எதிர்ல போயி புதுசா எப்பிடி அழுவறது? வெக்கம் வந்துடுச்சு. போன் பேசும்போது மீன் வெல பேசுவாங்க, மழ பேசுவாங்க. ஜெயம் பேர மட்டும் ரெண்டு பேரும் எடுக்க மாட்டாங்க.”

தீபா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஆனால் அழவில்லை. “எங்கிட்டயும் கேட்டாங்க மாமா. ‘ஒரு நாளு காலாப்பட்டு போயிட்டு வரலாமா’ன்னு. லீவு இல்லம்மா, வீடியோ கால் போட்டுத் தரேன்னு சொன்னேன். எப்ப கேட்டாலும் அதான் சொன்னேன்.”

நானும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் ஓட்ட முடியவில்லை. “போன ஐப்பசியில என்னயும் கேட்டாங்கம்மா. மத்தியானம் காலாப்பட்டு லைனுக்கு ஆளே ஏறல. ஒத்த ஆளுக்கு அவ்ளோ தூரம் எப்பிடிக்கா எடுக்கறது, போன் பண்ணிடுக்கான்னு சொன்னேன். சரிப்பான்னு போயிட்டாங்க.”

இப்போது ஒற்றை ஆளைத்தான் ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறேன். வெட்கக்கேடு. முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எல்லாம் எப்படித் தாண்டினேன் என்று தெரியவில்லை. தூறல் ஆரம்பித்து நின்றது.

சின்னக் காலாப்பட்டுக் கரையில் கடல் அரித்த இடமெல்லாம் கருங்கல் கொட்டியிருக்கிறது. படகுகளைத் தெருவரைக்கும் இழுத்து வைத்திருந்தார்கள். சுப்ரமணி அண்ணன் தன் படகு மறைவில் கவிழ்த்த ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். குளித்து, நெற்றியில் விபூதி வைத்து, வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் இருந்தார். மடியில் ஜவுளிக்கடைப் பை. பைக்குள் புதுப்புடவை. காலையில் கடை திறந்ததும் போய் வாங்கியிருக்கிறார். அதை மடியில் வைத்துக்கொண்டு மணி மூன்று வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“என்னா மாமா இது?” தீபாவுக்கு மூச்சிரைத்தது. “பொடவைய வாங்கிக் கையில வச்சிக்கினு இங்க உக்காந்திருக்க? அங்க அம்மாவ...”

“என்னாம்மா, எங்க வந்த நீ? காலாப்பட்டுக்கு வழிகூடத் தெரியுமா உனக்கு?”

“கோவம் இருந்தா அப்புறம் திட்டு. கெளம்பு. நாலு மணிக்கு எடுக்கணும்.”

“எத?”

தீபா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான், “அண்ணே, குரூப்ல பாத்தீங்களாமே” என்றேன்.

“செல்லுல வர்றதெல்லாம் நெசமாப்பா? போன வாரம்கூட ஒரு நடிகன் செத்துட்டான்னு மால போட்டு அனுப்புனானுங்க. சாயந்திரம் அவனே வந்து நல்லாத்தான்யா இருக்கேன்னு பேசறான். எங்கக்கா போட்டோவுக்கும் எவனோ மால போட்டு வச்சிருக்கான். ஆளு யாரும் வந்து சொல்லலையே. பஸ் ஸ்டாப்பு வரைக்கும் போனேன். மூணு பஸ்ஸு வந்துச்சு. ஏறல. ஆள் வந்து சொல்லாம எப்பிடி ஏறுவேன்?”

“எத்தன தடவ போன் பண்ணேன்!”

“எடுத்தா நீ சொல்லிடுவ.”

அவர் குரல் ஒரு மாதிரி ஆனது. சட்டென்று கோபத்தைப் பிடித்துக்கொண்டார். அது அவருக்குச் சுலபமாக இருந்தது.

“எம்பொண்டாட்டி செத்தப்ப யாருடி வந்தீங்க? நான் ஒருத்தன், தூக்கறதுக்கு நாலு பேரு, அவ்ளோதான். எங்கக்கா வூட்ல உக்காந்துக்கினு செல்லுல அழுதா. சரி, ஊரடங்கு. அதுக்கப்புறம் அஞ்சு வருசம் ஆச்சே, எவளாவது வந்து ஒரு வார்த்த துக்கம் கேட்டீங்களா? ஜெயம் எனக்கு மட்டுமா செத்தா? உங்க அத்தை இல்லையா அவ?”

“அம்மா வூட்ல இல்ல மாமா.”

“என்னா?”

“அன்னிக்கு அம்மா வூட்ல இல்ல. கெளம்பி வந்தாங்க. கோட்டக்குப்பத்துல மறிச்சிட்டாங்க. மருந்துக்கட வாசல்ல, ரோட்டுல நின்னு பாத்தாங்க. உனக்கு மூஞ்சி மட்டுந்தான தெரிஞ்சிருக்கும்.”

சுப்ரமணி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். “நான்தான்ணே கூட்டிக்கினு வந்தேன். போலீஸ்காரன் கால்ல விழப் போனாங்க.”

அவர் மடியிலிருந்த பையைத் தடவிக்கொண்டே இருந்தார். அலை கல்லில் மோதி மேலே தெறித்தது. யாரிடமோ சொல்கிற மாதிரிச் சொன்னார்.

“நேத்து ஏழரைக்குக் கூப்ட்டா. சோறு தின்னுக்கினு இருந்தேன். கையெல்லாம் கொழம்பு. அடிச்சி நின்னுச்சு. மறுபடி அடிச்சா. என்னாத்த புதுசா பேசிடப் போறா, காலைல பேசிக்கலாம்னு எடுக்கல.” வலது கையைத் திருப்பிப் பார்த்தார். “அவ என்னா சொல்றதுக்குக் கூப்ட்டாளோ.”

கோபமும் இல்லை, வழக்கமும் இல்லை. மனிதன் காலையிலிருந்து எதற்காக அந்தப் பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

தீபா அவர் எதிரில் மணலில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். சொல்லிவிட வேண்டியதுதான் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“மாமா, அம்மா காலைல...”

காலையிலிருந்து நாற்பத்து மூன்று பேருக்குச் சொன்ன வாக்கியம். தண்ணீர் மாதிரி ஓடியது. இப்போது ‘காலைல’வுக்கு மேல் வரவில்லை. சுப்ரமணி அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு இருந்த அதே இடுங்கிய கண், அதே மூக்கு, எதையாவது கேட்கும்போது இடதுபக்கம் சாய்கிற அதே தலை. செல்லில் எத்தனையோ தடவை பார்த்த முகம்தான். ஒரு முழம் தள்ளி, மூச்சு விட்டுக்கொண்டு, பதிலுக்குக் காத்துக்கொண்டு இருக்கும்போது அது அவள் அம்மாவின் முகமாக இருந்தது.

“அம்மா... மாமா, அம்மா...”

“ம்.”

“அம்மா செத்துப்பூடுச்சு மாமா.”

சொன்னதுதான். அவள் வாயிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு வலை கட்டிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள். மணலில் புரண்டாள். தாயைப் பறிகொடுத்தவள் எப்படி அழ வேண்டுமோ அப்படி அழுதாள். காலையில் அவளைப் பற்றிக் கசந்துகொண்டேனே, அந்த நினைப்புக்காக என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எத்தனை பேரிடம் சொல்லியிருந்தாலும், அவள் அந்த நேரம்வரை தனக்குச் சொல்லிக்கொள்ளவே இல்லை.

துக்கம் சொல்ல வந்தவளைத் துக்கத்துக்குரியவர் தூக்கினார். “எழுந்திரும்மா... என்னப் பெத்தவளே, எழுந்திரு” என்று அவள் தலையில் ஒட்டிய மணலைத் தட்டினார். தட்டிக்கொண்டே கேட்டார்.

“ராத்திரி என்னா சாப்ட்டா?”

“இட்லி. ரெண்டு.”

“வலிக்குதுன்னு சொன்னாளா?”

“இல்ல மாமா. படுக்கப் போறேன்னு போச்சாம்.”

“பக்கத்துல யாரு இருந்தது?”

“யாரும் இல்ல மாமா. அண்ணன் மாடியில. காலைல எழுப்பப் போனா...”

“தண்ணி கேட்டிருப்பாளோ?”

“தெரியல மாமா. எனக்குத் தெரியல.”

காலையிலிருந்து இதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு எடுக்கறீங்க என்றுதான் கேட்டார்கள். தீபா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “அத்தைக்கும் நாங்க யாரும் வர்ல மாமா. வந்திருக்கணும்” என்றாள். அவர் தலையை ஆட்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “கன்னியப்பா, எடுப்பா” என்றார்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்தது. தீபாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, ராஜவேலாகத்தான் இருக்கும். அவள் எடுக்கவில்லை, வந்துகொண்டுதானே இருக்கிறோம். கோட்டக்குப்பத்தில் சுப்ரமணி அண்ணன், “எந்த மருந்துக்கட?” என்று கேட்டார். காட்டினேன். தார்ப்பாயை விலக்கி, மழை முகத்தில் அடிக்க, அது பின்னால் போய் மறைகிறவரைக்கும் பார்த்தார்.

நாலே காலுக்கு வைத்திக்குப்பம் வந்தோம். பாடை கட்டித் தயாராக இருந்தது. “பொறந்த வூடு வந்துடுச்சு, வழி வுடுங்க” என்று சுலோசனா கூட்டத்தைப் பிளந்தாள். மேளம் ஒரு சுற்று ஏறி அடித்து நின்றது. ராஜவேல் மாமனின் காலைப் பிடிக்கக் குனிந்தான். அவர் அவனை நிறுத்தவும் இல்லை, கவனிக்கவும் இல்லை, நேராக உள்ளே போனார்.

அக்கா ஃப்ரீசர் பெட்டிக்குள் கிடந்தாள். மூடியின் கண்ணாடியில் பனி பூத்து முகம் மங்கலாகத் தெரிந்தது. தலைமாட்டில் எவனோ ஒருவன் செல்லைத் தூக்கிப் பிடித்து சிங்கப்பூருக்குக் காட்டிக்கொண்டிருந்தான். சுப்ரமணி அண்ணன் குனிந்து, கையால் அந்தக் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். பனி உள்பக்கம்.

“இத எடுங்க” என்றார்.

“எடுக்கும்போது எடுத்துக்கலாம்ணே. கோடிய மேல போடுங்க, அப்புறம் மாத்திக்கலாம்” என்றான் பெட்டிக்காரன்.

“அஞ்சு வருசமா கண்ணாடி வழியாத்தான்யா பாக்கறேன் அவள.” சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. “எடுங்க.”

நாலு பேர் சேர்ந்து மூடியைத் தூக்கினார்கள். குளிர் எங்கள் முகத்தில் அடித்தது. அவர் புடவையைப் பிரித்துக் கழுத்துவரைக்கும் போர்த்தினார். பிறகு அக்காவின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தார்.

“யக்கா” என்றார். “வந்துட்டேன்க்கா. சொல்லு.”